பத்துத் தோசையும் ஒரு கன்றுக்குட்டியும்: மழலைப் பாட்டுகளும் கைவேலைகளும் (வாசகர் கேள்வி–பதில்)

மழலைப் பாட்டுகளை ஒட்டிய கைவேலைகளையும் விளையாட்டுகளையும் பற்றிக் கொங்குப் பகுதி வாசகர்களிடமிருந்து இம்மாதம் வந்த கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். எங்கள் ஐந்து வயது மகளின் பள்ளியில் வாரம் ஒரு பாட்டுக்குக் கைவேலை செய்து அனுப்பச் சொல்கிறார்கள். அவள் தூங்கிய பிறகு நான்தான் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறேன். இரண்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். இருவரும் தாங்களே செய்யக்கூடிய எளிய வேலை ஏதேனும் உண்டா?
– வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் இரவில் ஒட்டி அனுப்புவது பள்ளிச் சுவருக்கு அழகாக இருக்கும், குழந்தைக்கு அதனால் பயன் ஏதுமில்லை. இதை ஆசிரியையிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு கைவேலை செய்து முடித்ததும் அதை வைத்து அந்தப் பாட்டைப் பாடி விளையாட முடிகிறதா என்பதே என் அளவுகோல். முடியவில்லை என்றால், அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தப் பாட்டுக்கு உரிய கைவேலை ஆகாது.

'தோசையம்மா தோசை' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு நான்கு, அம்மாவுக்கு மூன்று, அண்ணனுக்கு இரண்டு, பாப்பாவுக்கு ஒன்று என்று அந்தப் பாட்டு பத்துத் தோசைகளைப் பங்கிடுகிறது. உங்கள் ஊரில் பனியன் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. வெளிர்நிறத் துணியில் சம்படத்து மூடியை வைத்துச் சாக்குக்கட்டியால் வட்டம் வரைவது மகளின் வேலை. பின்னல் துணி இழுபடும் என்பதால் முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலுக்கு அது எளிதில் மசியாது. ஆகவே துணியை நீங்கள் வெட்டிக் கொடுங்கள், வெட்டிப் பழகப் பழைய நாட்காட்டித் தாளை அவளிடம் கொடுங்கள். நெசவுத் துணியைப்போல் இதில் நூல் பிரியாது; வெட்டிய விளிம்பை இலேசாக இழுத்துவிட்டால் மொறுகிய தோசை ஓரம்போலத் தானே சுருண்டுகொள்ளும். பத்து வட்டங்களும் நான்கு தட்டுகளும் இருந்தால் விளையாட்டு தயார். மகள் பாடிக்கொண்டே எண்ணிப் பங்கிடட்டும். மகன் பாப்பாவின் தட்டில் ஒன்றை வைத்தால் போதும், இரண்டு வயதுக்கு அதுவே பெரிய வேலை. சில நாளில் 'அம்மாவுக்கு ஏன் மூன்றுதான்?' என்று அவள் கேட்பாள். அப்போது விளக்கம் சொல்ல வேண்டாம். பத்தையும் வேறு விதமாகப் பங்கிட்டு, அதற்கேற்பப் பாட்டையும் மாற்றிப் பாடச் சொல்லுங்கள். கூட்டல் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நூல் தீர்ந்தபின் கம்பெனியில் மிஞ்சும் காகிதக் கோன்கள் கிடைத்தால் இரண்டு வாங்கி வாருங்கள். கறுப்புத் துணி சுற்றினால் காக்கை, பழுப்புத் துணி சுற்றினால் குருவி. கோனுக்குள் கைவிட்டு ஆட்டிக்கொண்டு 'காக்கா காக்கா கண்ணுக்கு மை கொண்டு வா' பாடலாம். கண்ணுக்குப் பட்டன் தைக்காமல் மையால் புள்ளி வையுங்கள். சுமார் 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியது என்பது பொம்மைப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் அளவு. பட்டன், மணி, புளியங்கொட்டை ஆகிய எல்லாம் இதற்குள் அடங்கும்.

கேள்வி: கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும் பேரக் குழந்தைகள் (வயது 4, 6) எந்நேரமும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடுகிறார்கள். தமிழ்ப் பாட்டு என்றால் சிரிக்கிறார்கள். எனக்குப் பாடவும் வராது. இவர்களை எப்படித் திருப்புவது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஐயா, திருப்ப வேண்டியதில்லை, அந்தப் பாட்டிலிருந்தே தொடங்கலாம். அதன் சொற்கள் 1806இல் ஜேன் டெய்லர் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. மெட்டோ அதற்கும் முந்தைய பிரெஞ்சு மெட்டு. 'பா பா பிளாக் ஷீப்' பாட்டையும் ஏபிசி பாட்டையும் ஏறத்தாழ அதே மெட்டில்தான் குழந்தைகள் பாடுகிறார்கள். சொல்லில்லாமல் மெட்டை மட்டும் முணுமுணுக்கச் செய்து, இது எந்தப் பாட்டு என்று கேளுங்கள். மூன்றும் ஒன்றே என்று கண்டுபிடித்ததும் ஆறு வயதுப் பேத்தியோ பேரனோ துள்ளுவதைக் காண்பீர்கள். அதன்பின் அதே மெட்டில் உங்கள் தோட்டத்துத் தென்னையைப் பற்றியோ வாய்க்காலைப் பற்றியோ நான்கு வரிகளை அவர்களே கட்டட்டும். இலக்கணம் பார்க்காதீர்கள்.

பாட வராத தாத்தாவுக்குக் கைவேலை இருக்கிறது. கோடையில் நுங்கு தின்று முடித்த இரண்டு குரும்பைகளை ஒரு சாண் குச்சியின் இருமுனைகளிலும் செருகி, நடுவில் நீண்ட கவைக்குச்சியைக் கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். அரிவாள் வேலை உங்களுடையது. குச்சியைத் தேர்ந்தெடுப்பதும் செருகுவதும் அவர்களுடையவை. வண்டி கையில் வந்துவிட்டால் 'கை வீசம்மா கை வீசு, கடைக்குப் போகலாம் கை வீசு' என்ற பாட்டுக்கு வேலை வந்துவிடும். கடையைப் புளியம்பட்டிச் சந்தையாக மாற்றிவிடுங்கள். முதல் சுற்றில் ஒருவர் 'தேங்காய் வாங்கலாம்' என்றால், அடுத்தவர் தேங்காயையும் சொல்லித் தன் பங்குக்கு ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும். மறந்தவர் வண்டியை மற்றவரிடம் கொடுக்க வேண்டும். இதில் பெரியவர்கள்தான் முதலில் தோற்பார்கள், சிரிப்பும் அப்போது உங்கள் பக்கம் இருக்கும்.

கேள்வி: 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' பாட்டுக்கு என் மகன் பசுவை வெள்ளையாகவும் கன்றுக்குட்டியைச் செம்பழுப்பாகவும் வண்ணம் தீட்டினான். அவன் படிக்கும் மழலையர் பள்ளியில் கன்றும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று அடித்துத் திருத்திவிட்டார்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, காங்கயம்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. காங்கயம் இனக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, சில மாதங்களில்தான் சாம்பலும் வெள்ளையுமாக மாறுகிறது. அவன் தொழுவத்தில் கண்டதைத் தீட்டியிருக்கிறான். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் தாய்ப்பசுவை மட்டுமே வெள்ளை என்றார். துள்ளிக் குதிக்கும் கன்றுக்கு நிறம் சொல்லவில்லை.

இதையே ஒரு கைவேலையாக்கலாம். அட்டையில் வெட்டிய கன்றின் ஒரு பக்கம் செம்பழுப்பு, மறுபக்கம் சாம்பல் நிறம். மஞ்சள் தூள் கரைசலில் ஒரு சிட்டிகைச் சமையல் சோடா கலந்தால் அது கண்ணெதிரே செந்நிறத்துக்கு மாறும். சுண்ணாம்பும் அதையே செய்யும் என்றாலும், தோலையும் கண்ணையும் அது புண்ணாக்கிவிடும் என்பதால் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். சாம்பல் நிறத்துக்கு அடுப்புக்கரிப் பொடி போதும். பாட்டின் முதல் சுற்றில் செங்கன்று, மறு சுற்றில் திருப்பிப் பிடித்தால் வளர்ந்த கன்று. மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும், ஆகவே சன்னலோரம் வைக்காதீர்கள்.

கேள்வி: அங்கன்வாடியில் பணிபுரிகிறேன். இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை கலந்திருக்கிறார்கள். பொருள் வாங்கப் பணமில்லை. எல்லோரையும் சேர்த்து ஆடவைக்க என்ன வழி?
– வாசகி, தாராபுரம் வட்டாரம்

பதில்: நம் பழைய பாட்டுகளில் பல, ஆட்டத்துக்காகவே பிறந்தவை என்பதால் உங்களுக்குப் பொருளே தேவையில்லை. 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூப் பூத்துச்சாம்' ஆட்டத்தில் இருவர் கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் வரிசையாக உள்ளே நுழைந்து போக, குடமும் பூவும் ஒவ்வொன்றாகக் கூடிப் பத்தில் ஒருவர் பிடிபடுவார். சிறியவர்கள் பிடிபடுவதற்கு அஞ்சி அழக்கூடும். அவர்களை ஒரு பெரிய குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நுழையச் சொல்லுங்கள். ஐந்தில் நிறுத்தினாலும் குற்றமில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஆவாரம்பூவையோ பூவரசு இலையையோ தரையில் வைத்துக்கொண்டே போனால் எண்ணிக்கை கண்ணுக்கும் தெரியும்.

'குலை குலையா முந்திரிக்காய்' நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே பொருந்தும். முதுகுக்குப் பின்னால் துணி போட்டிருக்கிறதா என்று பொறுத்திருந்து பார்ப்பது அதற்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கடினம். கும்மியில் எதிரில் இருப்பவரின் கையைத் தட்டுவதும் அப்படித்தான். சிறியவர்கள் தம் கைகளைத் தட்டிக்கொண்டு வட்டத்தில் நடந்தால் போதும். ஊரில் வள்ளி கும்மி பயிலும் அக்காமார் இருந்தால் ஒரு நாள் அழைத்துப் பாருங்கள், காசு கேட்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பத்து மாதக் குழந்தை கைப்பேசியில் பாட்டுப் போட்டால்தான் சோறு உண்கிறது. தவறா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. பாட்டை நீங்கள் கேட்டுப் பழகிக்கொண்டு கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். உட்காரத் தொடங்கிய குழந்தைக்கென்றே 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' இருக்கிறது. ஆடி நோம்பிக்குத் தூரி (ஊஞ்சல்) கட்டும்வரை அதற்கு உங்கள் மடியே தூரி. உள்ளங்கையில் தொடங்கி விரல்கள் அக்குள்வரை ஊர்ந்து செல்லும் 'நண்டூருது நரியூருது' இன்னொன்று. ஆனால் ஊட்டும்போது சிரிப்பு மூட்ட வேண்டாம், புரையேறும். பாட்டு சோற்றுக்கு முன்போ பின்போ இருக்கட்டும்.

கேள்வி: கடைப் பசைக்குப் பதிலாக வீட்டில் காய்ச்சும் பசையைக் குழந்தைகளிடம் கொடுக்கலாமா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் பக்கம் எளிதில் கிடைக்கும் மரவள்ளி மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சிறு தீயில் கண்ணாடிபோல் தெளியும்வரை கிளறி ஆறவிடுங்கள், மைதாவும் ஆகும். சுவரொட்டி ஒட்டுவோர் பூச்சி அரிக்காமல் இருக்கத் துருசு (மயில்துத்தம்) சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகள் தொடும் பசையில் ஒரு துளிகூடக் கூடாது. துருசு இல்லாத பசை விரைவில் கெடும் என்பதால் அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.