அப்பாவின் கழுத்து டாப்ளரில் 140: ஸ்டென்ட் வேண்டுமா?

அறிகுறியே இல்லாத 72 வயது அப்பாவுக்கு, முழு உடல் பரிசோதனையில் எடுத்த டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்), கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது உள் கரோடிட் தமனியில் 50–69% அடைப்பு, ரத்த வேகம் விநாடிக்கு 140 செ.மீ. என்று வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். ஸ்டென்ட்டுக்கு அவசரப்படாதீர்கள். அந்த 50–69% பிரிவு விநாடிக்கு 125 செ.மீ.இல் தொடங்கி 230 வரை போகும். 140 கீழ் விளிம்புதான். டாப்ளர் கோணம் (ஸ்கேன் ஒலிக்கதிருக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம்) 60 டிகிரியைத் தாண்டினாலோ, மறுபக்கத் தமனி முழுதாக அடைத்திருந்தாலோ எண் பொய்யாக ஏறும். உள் கரோடிட் வேகத்தை, அது பிரியும் பொதுக் கரோடிட்டின் வேகத்தால் வகுத்தால் வரும் விகிதத்தையும் பாருங்கள். 2க்குக் கீழே இருந்தால் வேறு லேபில் மறுபடி எடுங்கள். அறிகுறியில்லாத பெரியவர்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2021இலும் சொன்னதற்கு, இப்படிப்பட்ட பொய் எச்சரிக்கைகளும் ஒரு காரணம். ஸ்டேட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை), ரத்த அழுத்தம் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பேச்சு குழறினாலோ, ஒரு கண் சட்டென இருண்டாலோ அது பக்கவாதத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம்; சில நிமிடத்தில் சரியானாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.