துன்பம் மேல் துன்பம் வரும்போது கிறிஸ்தவ விசுவாசத்தில் உறுதியாக நிற்பது எப்படி?

எவ்வளவு செபித்தும் நடக்கவில்லை, 'உனக்கு விசுவாசம் போதாது' என்கிறார்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வந்தது நோயா கடனா என்று சொல்லவில்லை. எதுவானாலும், அதைச் சொன்னவர் உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அண்ணன் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தார். அன்று புனித அந்திரேயா திருநாள். அவரும் மீன் பிடித்தவர்தான். அன்றைய நற்செய்தி மத்தேயு 4ஆம் அதிகாரம், வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனவர்களைப் பற்றியது. கோவிலுக்கு வெளியே தென்னைகள் சாய்ந்துகொண்டிருந்தன.

படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. கரைக்கு வந்த உடல்களை அடையாளம் காண உறவினர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அம்மாவும் கொடுத்தார். எதனோடும் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்று கேட்டதும் அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சி வந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

சாதாரணமாகக் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள 7 ஆண்டுகள் ஆக வேண்டும். ஒக்கியில் போனவர்களுக்கு அந்த விதியைத் தளர்த்தினார்கள். அண்ணனை இறந்தவராக ஏற்கும் காகிதங்கள் வீட்டுக்கு வந்தன. அம்மா கையெழுத்துப் போட மறுத்தார். செபக் குழு ஒன்றைச் சேர்ந்த ஒருவர் வந்து, இறந்த லாசரை இயேசு நான்காம் நாள் உயிரோடு எழுப்பியதைச் சொல்லி, "கையெழுத்துப் போட்டால் விசுவாசத்தைக் கைவிட்டதாக ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதன் பிறகு அம்மா இரவில் தூங்கவில்லை. "போட்டால், இத்தனை நாள் நான் செபித்தது பொய் என்று ஆகாதா மக்களே?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எனக்குச் செபிக்கவே வரவில்லை அப்போது.

குணமளிக்கும் செபத்தையோ அற்புதங்களையோ நான் இழிவாகப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அற்புதங்களை நம்புகிறேன். நான் இறையியல் படித்தவள் அல்ல. ஆனால் மகனைக் கடலில் விட்ட ஒரு தாயிடம், உன் நம்பிக்கையின் அளவில்தான் அவன் உயிர் இருக்கிறது என்று சொல்வது பாவம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எங்கள் பங்கில் இருந்த வயதான அருட்சகோதரி ஒருவர் ஒருநாள் வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. விவிலியத்தில் திருப்பாடல் 88ஐத் திறந்து மெதுவாக வாசித்தார். புலம்பும் திருப்பாடல்கள் பெரும்பாலும் முடிவில் நன்றியாகவோ புகழ்ச்சியாகவோ திரும்பிவிடும். இது திரும்புவதில்லை, இருளில்தான் முடிகிறது. 'உம் அலைகளெல்லாம் என்மேல் புரண்டன' என்று கடவுளிடமே முறையிடுகிற இடம் வந்ததும் அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, மறுபடியும் வாசிக்கச் சொன்னார். குருக்களும் துறவியரும் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் சொல்வது இந்தத் திருப்பாடலைத்தான் என்று அந்தச் சகோதரி சொன்னார். எனக்கு அது புதிய செய்தி. எங்கள் வீட்டில் குற்றம் என்று நினைத்து அடக்கி வைத்திருந்த முறையீடு, திருச்சபையில் வாரந்தோறும் செபமாகவே சொல்லப்படுகிறது.

அந்தத் தவக்காலத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். அண்ணனுக்காக முதல்முறையாக இறந்தோர் திருப்பலி கேட்டோம்.

கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், இருந்தாலும் சொல்கிறேன். அரசு தந்த இழப்பீட்டைச் சொல்லி, "20 லட்சம் கிடைத்ததே" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். எச்சரிக்கையை மதிக்காமல் ஏன் போனார்கள் என்றும் கேட்கிறார்கள். ஆழ்கடல் படகு கரையை விட்டால் திரும்ப 30, 40 நாள் ஆகும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது நவம்பர் 29, மறுநாளே புயல். கைபேசி எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? தேடுங்கள் என்று கேட்கத்தான் டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயில் மறியல் செய்தோம். கையில் செபமாலையோடு தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தேன். செபிப்பதை விட்டுவிட்டு மறியலா என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார். லூக்கா 18இல் நடுவரை விடாமல் தொல்லை செய்து நியாயம் கேட்ட கைம்பெண்ணை, மனந்தளராமல் செபிப்பதற்குத்தானே இயேசு உவமையாகச் சொன்னார்? நாங்கள் அன்று செய்ததும் அதுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உறுதி என்றால் கலங்காமல் இருப்பது என்று நினைத்துத்தான் நீங்கள் தளர்ந்து போகிறீர்கள். கலங்குங்கள், கோபப்படுங்கள்; ஆனால் அதைக் கடவுளிடமே சொல்லுங்கள். எனக்கு இதைவிட அதிகம் தெரியாது. புயலை இயேசு அடக்கும் நற்செய்தி வாசிக்கும் ஞாயிறுகளில் இன்னும் என்னால் கோவிலுக்குள் உட்கார முடிவதில்லை. படியில் நின்று கேட்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தை மட்டும் விடுவதில்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் 88ஐ நான் ஒவ்வொரு வரியாக வாசிக்கிறேன், அவர் பின்னால் சொல்கிறார்.