இறுதிக்காலப் பராமரிப்பின் தரத்தை எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். 71 வயதான என் தந்தைக்கு இரைப்பைப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோவால் பயனில்லை, வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜிப்மரில் சொல்லிவிட்டார்கள். புதுச்சேரிக்கு வெளியே மாதக் கட்டணத்தில் இயங்கும் ஓர் இல்லத்தில் சேர்க்கலாம் என்கிறார் மாமா. வீட்டுக்கே வந்து பார்க்கும் தொண்டு அமைப்பின் குழு போதும் என்கிறார் அக்கா. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க அங்கே பயன்படுத்தும் கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். எதை வைத்துத் தரத்தை முடிவு செய்வது?

பதில்: தங்கள் அண்ணன் அனுப்பிய பட்டியல் அமெரிக்க ஏற்பாட்டுக்காக எழுதப்பட்டது. அங்கே, நோய் தன் போக்கில் சென்றால் ஆறு மாதங்களுக்கு மேல் உயிர் தங்காது என்று இரண்டு மருத்துவர்கள் சான்றளித்தால், மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு ஹாஸ்பிஸ் செலவை ஏற்றுக்கொள்கிறது; ஒவ்வொரு நிறுவனத்தின் தரக் குறியீடுகளையும், இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் எடுத்த கருத்துக் கணிப்பையும் அரசு இணையதளத்தில் பார்க்கலாம். இங்கே அத்தகைய பொதுப்பட்டியல் இல்லாததால் ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலையைத் தாங்களே செய்தாக வேண்டும். மெடிகேர் அங்கீகாரம், நட்சத்திர மதிப்பீடு பற்றிய கேள்விகளை அடித்துவிடுங்கள். இரவில் யார் தொலைபேசியை எடுப்பார், வலி எவ்வளவு நேரத்தில் அடங்கும், குடும்பத்தாருக்கு என்ன கற்றுத் தருவீர்கள் என்பவை எந்த ஊருக்கும் பொருந்தும், அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, கடும் வலியை அடக்கும் மருந்தான மார்ஃபினை வாய்வழியாகக் கொடுப்பது பற்றித்தான். கட்டடம், ஏ.சி., தோட்டம், பிரார்த்தனைக் கூடம் எல்லாம் அதற்குப் பிறகு. பரவிய புற்றுநோயின் கடுமையான வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வகுத்துத் தந்த முறையில், இந்த மருந்தை இயன்றவரை வாய்வழியாகவும், வலி வந்த பிறகு அல்லாமல் மணிக்கணக்குப்படியும் கொடுக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும் என்பதால் அடுத்த வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. இடையில் திடீரென எழும் வலிக்குத் தனியாக ஒரு கூடுதல் அளவு எழுதித் தர வேண்டும். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், ஏனெனில் மயக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிட்டாலும் மலச்சிக்கல் தானாகப் போகாது. இந்த மூன்றையும் தாங்கள் கேட்காமலேயே அந்த இல்லத்தின் செவிலியர் சொல்லிவிட்டால், அங்கே வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம். மாறாக, 'மார்ஃபின் எல்லாம் கடைசியில்தான்', 'அது பழக்கமாகிவிடும்' என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. புற்றுநோய் வலிக்குச் சரியான அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் நோயாளியைப் போதைக்கு அடிமையாக்குவதில்லை. உயிரைச் சீக்கிரம் பறிப்பதும் இல்லை. வலி கூடும்போதெல்லாம் பென்டாசோசின் என்னும் வலி நிவாரணி ஊசி போட்டுச் சமாளிக்கும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். நாட்பட்ட புற்றுநோய் வலிக்கு அது ஏற்ற மருந்தல்ல.

மார்ஃபினை யாரும் விருப்பப்படி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது என்பது உண்மையே. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் பல ஆண்டுகள் நம் நாட்டில் அது நோயாளிகளுக்கு எட்டாமலே இருந்தது. 2014-இல் செய்யப்பட்ட திருத்தம் மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசியமானவை என்று வகைப்படுத்தி, பல துறைகளிடம் தனித்தனியாக உரிமம் வாங்கும் தொல்லையை நீக்கியது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற ஒப்புதல் பெற்றால் போதும். ஆகவே தங்கள் கேள்வி 'மார்ஃபின் கிடைக்குமா' என்று நிற்காமல், 'அந்த ஒப்புதல் தங்களிடம் இருக்கிறதா, இல்லையெனில் எந்த மருத்துவமனையிலிருந்து பெறுகிறீர்கள், இருப்பு தீர்ந்தால் என்ன செய்வீர்கள்' என்று நீள வேண்டும். ஒப்புதல் இல்லாத சிறிய இல்லம்கூட ஒரு மருத்துவமனையோடு ஒழுங்கான ஏற்பாடு வைத்திருந்தால் நன்றாகவே இயங்க முடியும். அந்த ஏற்பாட்டை வாய்வார்த்தையாகக் கேட்காமல், மருந்துக் கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பதிவு விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. கடலூர் தமிழ்நாட்டில் இருப்பதால் இங்குள்ள நிறுவனத்துக்கு 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டமும், எல்லை தாண்டிப் புதுச்சேரியில் இருப்பதற்கு 2010-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் பொருந்தும். முதியோர் இல்லமாக மட்டும் பதிவு செய்துகொண்டு, இறுதிக்கால நோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அவற்றில் அன்பு இருக்கலாம். மருத்துவம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் எதற்கானது என்று நின்று படியுங்கள்.

பணியாளர்களில், மருத்துவருக்கு வலி தணிப்பு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்பட்டம் பெற்றவர்கள் நாட்டில் இன்னும் மிகக் குறைவு. இந்திய வலி தணிப்பு மருத்துவச் சங்கம் நடத்தும் சான்றிதழ்ப் படிப்பு போன்ற ஏதேனும் ஒரு பயிற்சியை மருத்துவரும் செவிலியரும் பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். இரவுப் பணியில் இருப்பவர் பதிவு பெற்ற செவிலியரா, உதவியாளர் மட்டுமா என்பது அதைவிட முக்கியம். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். எனவே முதல் முறை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், பகல் பணியாளர்கள் கிளம்பிய பின், மாலை ஏழு மணியளவில் செல்லுங்கள். அழைப்பு மணி அடித்தால் யாராவது வருகிறார்களா, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, எழ முடியாதவர்களின் உதடும் நாக்கும் வறண்டு வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்த குறிப்பு கட்டிலருகே இருக்க வேண்டும். துர்நாற்றத்தைப் பொறுத்தவரை அதிக பினாயில் வாசமும் ஓர் எச்சரிக்கைதான். அழுகும் புண்ணின் நாற்றத்தை மெட்ரோனிடசோல் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவியே பெருமளவு குறைத்துவிடலாம், அதைச் செய்கிறவர்கள் தரையை அவ்வளவு கழுவ வேண்டியிருக்காது.

இனி, தங்கள் தந்தையின் நோய்க்கே உரிய கேள்விகள். பொதுவான வாக்குறுதிகளைவிட இவற்றுக்கு வரும் பதில்களே தரத்தைத் துல்லியமாகக் காட்டும் என்பது என் கருத்து. இரைப்பையின் வெளிவாய் கட்டியால் அடைபட்டால் விடாத வாந்தி வரும். அப்போது மருந்தை வாய்வழி கொடுக்க முடியாது. தோலுக்கடியில் சிறு ஊசியைப் பொருத்தி அதன் வழியாக மருந்து செலுத்த அவர்களுக்குத் தெரியுமா? வயிற்றில் நீர் கோத்தால் அதை வடிக்க எங்கே அனுப்புவார்கள், அன்றே திரும்ப அழைத்து வந்துவிடுவார்களா? மார்ஃபினுக்கும் அடங்காத மேல்வயிற்று வலிக்கு நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்யும் முறை ஒன்று உண்டு. அதற்காக வலி சிகிச்சை நிபுணரிடம் அனுப்பும் வழக்கம் அவர்களுக்கு உண்டா? ஒன்றைச் சொல்லத் தயங்குகிறேன், ஆனால் சொல்ல வேண்டும்: இவ்வகை நோயில் சிலருக்கு இறுதியில் திடீரென இரத்த வாந்தி வரக்கூடும். அனுபவமுள்ள குழு இதை முன்கூட்டியே குடும்பத்தில் ஒருவரிடம் தனியாகச் சொல்லி, அடர்ந்த நிறத் துண்டுகளையும், பதற்றத்தைத் தணிக்கும் மயக்க மருந்தையும் தயாராக வைத்திருக்கும். வெள்ளைத் துணியில் இரத்தம் தெரிவது நோயாளியையும் பார்ப்பவரையும் கூடுதலாக அச்சுறுத்தும் என்பதால்தான் அந்த அடர்ந்த நிறம். இந்த ஏற்பாடு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அனுபவமுள்ளவர் உடனே பதில் சொல்வார்.

அவர்களிடம் கேட்க மற்றொரு கேள்வி: 'கடைசியாகத் தங்கள் பராமரிப்பில் இருந்த சிலர் எங்கே இறந்தார்கள்?' மூச்சு மாறியவுடன் ஆம்புலன்ஸ் வரவழைத்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிற இடம், இறுதிக்காலப் பராமரிப்பு என்ற பெயரில் வேறு ஏதோ செய்கிறது. வெண்டிலேட்டர் வேண்டாம் என்பது தங்கள் தந்தையின் விருப்பமானால் அதை எழுத்தில் வைக்க இப்போது சட்டத்தில் வழி உண்டு. கண்ணியத்துடன் இறக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. அப்போது விதித்த கடினமான நடைமுறையை 2023 ஜனவரியில் தளர்த்தி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. இது கருணைக் கொலை அன்று. பயன் தராத கருவிச் சிகிச்சையை மறுப்பது மட்டுமே. இந்த ஆவணத்தைப் பற்றிக் கேட்டதும் அந்த இடத்தார் முகம் சுளிக்கிறார்களா, உதவ முன்வருகிறார்களா என்று கவனியுங்கள். அதேபோல், 'அப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம்' என்று குடும்பத்தார் கேட்டுக்கொள்ளும்போது என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். சரி என்று தலையாட்டுபவரும், முதல் நாளே போட்டு உடைப்பவரும் வேண்டாம். அவரே எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே மெல்லக் கேட்டறிவோம் என்பவர்தான் இந்த வேலையைச் செய்யத் தகுந்தவர்.

வீட்டுக்கு வரும் குழுவுக்குக் கட்டடம் இல்லாததால் அதைச் சோதிக்கும் விதம் வேறு. வாரத்தில் எத்தனை நாள் வருவார்கள் என்பதைவிட, வராத நாளில் என்ன நடக்கும் என்பதே முக்கியம். சேர்வதற்கு முன்பே ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் அவர்களது அவசர எண்ணுக்கு அழைத்து, தங்கள் நிலைமையைச் சொல்லி விவரம் கேளுங்கள். எடுப்பவர் யார், எவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார் என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். அவசரத்துக்கு வேண்டிய மருந்துகளை ஒரு டப்பாவில் போட்டு, எதை எப்போது கொடுப்பது என்று தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போவார்களா, காற்றுப் படுக்கையும் கழிப்பிட நாற்காலியும் கடனாகத் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரையில் புயலையும் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் தாக்கிய பின் பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகியபோது கடலூரின் தாழ்ந்த பகுதிகளுக்குப் படகில்தான் போக முடிந்தது. ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரை கூடுதல் நாட்களுக்கான மார்ஃபினைக் கையில் கொடுத்து வைப்பார்களா என்று வீட்டுக் குழுவிடமும், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் நின்றால் மாற்று சிலிண்டர் உண்டா என்று இல்லத்திடமும் கேளுங்கள்.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக: மாதத் தொகைக்குள் எவை அடங்கும், டயப்பர், ஆக்சிஜன், மருத்துவர் வருகை, ஆம்புலன்ஸ் ஆகியவை தனியா, பத்தாம் நாளே மறைந்துவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். மார்ஃபின் மாத்திரை விலை குறைந்த மருந்து. அதற்குப் பெரிய தொகை எழுதினால் காரணம் கேளுங்கள்.

தங்கள் நிலையில் நான் இருந்தால், இப்போதைக்கு அக்கா சொல்வதைத்தான் ஏற்பேன், அதுவும் அரசு உதவியையும் சேர்த்துக்கொண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைக்கான செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே இலவசமாக வருகிறார்கள். தங்கள் பகுதி அரசு சுகாதார நிலையத்தில் ஜிப்மர் தந்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்யுங்கள். இது தமிழ்நாட்டுத் திட்டம் என்பதால் எல்லைக்கு அப்பால் உள்ள இல்லத்தில் சேர்த்துவிட்டால் இந்த உதவி தொடராது. ஜிப்மர் தொடர்பையும் அறுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் தங்கள் கடிதத்தில் மாமா, அக்கா, அண்ணன் மூவரின் கருத்தும் இருக்கிறது, தந்தை எங்கே இருக்க விரும்புகிறார் என்பது இல்லை. அவர் வீட்டை விரும்பினால் மேற்கண்ட முடிவு உறுதி. தாய்க்கோ தங்களுக்கோ சுமையாகிவிடக் கூடாது என்று அவரே இல்லத்தை விரும்பினால் அதையும் மதிக்க வேண்டும்.

எதைத் தொடங்கினாலும் முதல் ஒரு வாரத்துக்குத் தினமும் காலையிலும் இரவிலும் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அவரையே சொல்லச் சொல்லிக் குறித்து வாருங்கள். தூங்கிய நேரத்தையும் மலம் கழித்த நாளையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு மூன்று நாட்களில் அந்த எண் இறங்கி, இரவில் தூக்கம் வர வேண்டும். இறங்காதபோது குழு உடனே அளவை மாற்றினால் அவர்களோடு தொடருங்கள். 'இந்த நோய்க்கு வலி இருக்கத்தான் செய்யும்' என்றால் தாமதிக்காமல் மாறுங்கள். மாமா சொன்ன இல்லத்தை இதற்கிடையில் சென்று பார்த்து வைத்துக்கொள்வது, அவசரத்தில் அலையாமல் இருக்க உதவும். வீட்டிலேயே இறப்பு நேர்ந்தால் மரண காரணச் சான்றான படிவம் 4ஏ-வில் கையெழுத்திட வரும் மருத்துவர் யார் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கருமாதி முடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பதிவுக்குச் சில நாட்களே மிஞ்சும்.