அமிலம் இல்லாமல், குறைந்த செலவில் கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் எடுக்க முடியுமா?

முடியும். கிராஃபீன் என்பது ஓர் அணு கனமே உள்ள கார்பன் தாள். கிராஃபைட்டே அந்தத் தாள்களின் அடுக்குதான். பென்சிலால் கோடு போடும்போது காகிதத்தில் ஒட்டுவது, வழுக்கி வந்த அந்த அடுக்குகளே. 2004இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இயற்பியலாளர்கள் ஒட்டுநாடாவால் உரித்துத்தான் ஒற்றை அடுக்கை எடுத்தார்கள்.

அமிலத்தால் பிரிக்கும் வழக்கமான வழி, 1958இல் வந்த ஹம்மர்ஸ் முறை. அதில் அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சோடியம் நைட்ரேட்டும் தேவை. நச்சு வாயு கிளம்பும், அமிலக் கழிவு மிஞ்சும். இத்தனைக்கும் கிடைப்பது ஆக்சிஜன் ஒட்டிய கிராஃபீன் ஆக்சைடுதான். அந்த ஆக்சிஜனை நீக்க அதை மறுபடி ஒடுக்க வேண்டும்.

எளிய வழி, 2014இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜோனாதன் கோல்மன் குழு காட்டியது. தண்ணீர், கிராஃபைட் தூள், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் மிக்சி போன்ற பிளெண்டரில் வேகமாகச் சுற்றினார்கள். சுழலும் நீரின் இழுப்பில் அடுக்குகள் வழுக்கிப் பிரிகின்றன. பிரிந்தவை மறுபடி ஒட்டாமல் சோப்பு தடுக்கிறது. ஒருமுறைக்குக் கிடைப்பது குறைவுதான். ஆனால் அடியில் தங்கும் கிராஃபைட்டைத் திரும்பப் போடலாம். சோப்பை நன்றாகக் கழுவாவிட்டால் மின்கடத்தல் குறையும்.

எனக்குப் பிடித்தது மின்வேதி முறை. உரமாகப் பயன்படும் அமோனியம் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து, கிராஃபைட் தகட்டை நேர்மின்வாயாக வைத்து, சுமார் 10 வோல்ட் கொடுக்க வேண்டும். சல்பேட் அயனிகள் அடுக்குகளுக்கிடையே நுழைகின்றன. அங்கே உண்டாகும் வாயு தகட்டை உப்ப வைத்து உரிக்கிறது. நிமிடங்களில் கரைசல் கறுத்துவிடும். அப்புறம் வடிகட்டி, தண்ணீரில் அலசினால் போதும். சிறிது ஆக்சிஜன் ஒட்டியிருக்கும். மின்கடத்தும் மை, மின்கலம் போன்றவற்றுக்கு அது பெரும்பாலும் இடைஞ்சல் இல்லை.

செய்து பார்ப்பவர்கள் கிராஃபைட் தூளைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். அந்த மிக்சியைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள்.