ஒரே குண்டு

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் வேலை பார்க்கிறேன். மழைக்காலத்தில் விருந்தினர் குறைவு. சிக்னலும் சரியாகக் கிடைக்காது. 80 ரூபாய் கொடுத்து வாங்கிய, விண்கலத்தில் பறந்து சுடும் விளையாட்டு ஒன்றை இரண்டு வாரம் இரவெல்லாம் ஆடினேன். ஒரு நாள் திடீரென்று சலித்துவிட்டது. இவ்வளவு எளிய விளையாட்டு ஏன் அப்படி இழுத்தது, ஏன் அப்படிக் கைவிட்டது? இதைக் கலை என்று சொல்லலாமா? முப்பது வயதில் இதை ஆடுவது தவறா?

— ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள தம்பி,

கலையா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். வயதைப் பற்றிய கேள்வியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நாள் முழுதும் பிறருடைய விடுமுறைக்காக உழைக்கும் ஒருவர், இரவில் சிறிது நேரம் விளையாடியதற்கு என்னிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்? இனி யாரிடமும் இப்படிக் கேட்காதீர்கள்.

ஏன் இழுத்தது என்பதைத்தான் சில நாட்களாக நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற வீடியோ விளையாட்டில் ஐந்து வரிசைகளாக 55 பகைவர்கள் இறங்கி வருவார்கள். அத்தனை உருவங்களை நகர்த்த அன்றைய கணினிச் சில்லு திணறியதால், அவர்கள் அழிய அழிய அதன் சுமை குறைந்து, எஞ்சியவர்களின் வேகம் கூடியது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் ஆட்டத்தின் உயிராகவே விட்டுவைத்தார். இதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விதி: நாம் சுட்ட குண்டு எதன்மீதாவது படும்வரை, அல்லது குறி தவறித் திரையின் உச்சிக்குப் போய் மறையும்வரை, அடுத்த குண்டைச் சுட முடியாது. மறு ஆண்டு வந்த கேலக்சியன் என்ற விண்வெளி விளையாட்டிலும் அதே விதிதான்.

இந்த விதியின் பொருளை எனக்குக் காட்டியவர், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்த என் மாமா. தொண்ணூறுகளில் ஒரு மே மாதம், நாள் வாடகைக்கு டிவி கேம் பெட்டி ஒன்றை எடுத்து வந்தோம். பிள்ளைகள் நாங்கள் பொத்தானைப் படபடவென்று அடித்துச் செத்துக்கொண்டிருந்தோம். இரவு பட்டறையிலிருந்து வந்த மாமா, ஊதுகுழல் பிடித்துக் காய்த்த விரல்களால் எங்களிடமிருந்து கைப்பிடியை வாங்கிக் கேலக்சியனை ஆடினார். ஒரு குண்டு, பிறகு காத்திருப்பு. அது மேலே போகும் நேரத்தில் எதிரியின் குண்டுகளுக்கு இடையே ஒரு விரற்கடை மட்டும் நகர்வார். "அது திரும்பி வர்ற வரைக்கும் உன் கையில ஒண்ணும் இல்லடா, அத மனசுல வெச்சு அடி" என்றார். கொலுசின் வளையங்களையும் அவர் அப்படித்தான், ஒன்று குளிர்ந்த பிறகே அடுத்ததைத் தொட்டுப் பற்றவைப்பார்.

நீங்கள் வாங்கிய விளையாட்டில் விரலை எடுக்காமல் அழுத்தினால் குண்டு மழையாகக் கொட்டும் என்று நினைக்கிறேன். மலிவாக வரும் பெரும்பாலானவை அப்படித்தான். தவறவிட்ட குண்டுக்கு விலையே இல்லாதபோது குறி பார்ப்பதற்கு என்ன தேவை? எளிமை என்றால் படங்கள் குறைவாக இருப்பது என்று நினைக்கும் இந்தச் சோம்பேறித்தனத்தை நான் மன்னிக்க மாட்டேன். பழைய ஆட்டத்தின் வண்ணங்களையும் ஓசையையும் எடுத்துக்கொண்டவர்கள், அதன் காத்திருப்பை மட்டும் வீசிவிட்டார்கள்.

ஆனால் நல்ல ஆட்டத்துக்கும் எல்லை உண்டு. அது கைக்குச் சொல்லித் தருவதெல்லாம் ஓரிடத்தில் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் இரவு, அலை அலையாக அதே பூச்சி போன்ற பகைவர்கள் சற்றுக் கூடுதல் மூர்க்கத்தோடு வந்துகொண்டே இருந்தபோது, மூன்று கப்பல்கள் மிச்சம் இருக்க, மாமா கைப்பிடியைக் கீழே வைத்தார். "இதுல இருக்கறத எடுத்தாச்சு" என்று எழுந்து கை கழுவப் போனார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் ஒரு கப்பல் வெடித்துவிட்டது. மிச்சம் இரண்டையும் ஆடி முடித்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.