மலைத் தவளையை மாடித்தொட்டியில் வளர்க்கலாமா?

கேள்வி: மழை சீசனில் மாஞ்சோலை போகிறோம். அங்கே மூங்கிலில் வாழும் அரிய பச்சைத் தவளையின் தலைப்பிரட்டைகளைக் கொண்டுவந்து மாடித்தொட்டியில் வளர்த்தால் இனம் பெருகுமா? – வாசகர், வேளச்சேரி

பெருகாது, தயவுசெய்து முயல வேண்டாம். மாஞ்சோலை இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்; அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்துவருவது குற்றம். அதோடு, நீங்கள் சொல்லும் ராவோர்செஸ்டஸ் கலாசோட்ஸ் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஓடையோர மூங்கிலில், கணுக்களுக்கு நடுவே சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வெடிப்பு வழியாக உள்ளே நுழைந்து முட்டையிடும். முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவரும். அதுவரை காவல் இருப்பது அப்பா தவளை. அது விலகினால், அதே இனத்தின் மற்றத் தவளைகளே முட்டைகளைத் தின்றுவிடும். படம் எடுக்க மூங்கிலைப் பிளந்தால் அந்த முட்டைகளின் கதை முடிந்தது. 1876-ல் விவரிக்கப்பட்டு, நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், 2011-ல் மீண்டும் கண்டறிந்ததாக அறிவிக்கப்பட்ட இனம் இது.

உங்களால் உண்மையில் ஆகக்கூடிய உதவி, ஷூவைச் சுத்தம் செய்வது. ஈரச் சேற்றோடு, தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும். தவளை தோல் வழியாகத்தான் நீரையும் உப்பையும் ஏற்கிறது. பூஞ்சை அந்தத் தோலைக் கெடுத்தால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடும்.

சென்னையிலேயே, கிளம்புவதற்கு முந்தைய நாள், ஷூவின் அடிப்பள்ளங்களில் உள்ள மண்ணைப் பழைய டூத்பிரஷால் முழுக்கத் தேயுங்கள். மண் ஒட்டியிருந்தால், பூஞ்சையைக் கொல்லும் பிளீச் வேலை செய்யாது. பலரும் சறுக்குவது இங்கேதான். பிளீச் பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் 4 சதவீதம் என்று இருந்தால், ஒரு பங்குக்கு 3 பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு அடிப்பாகத்தை ஒரு நிமிடமாவது நனையவிடுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி (பிளீச் மிச்சமும் தவளைக்கு விஷம்தான்) வெயிலில் உள்ளே வரை காயவையுங்கள். திரும்பி வந்ததும் இதையே செய்யுங்கள். ஓடையில் மட்டும் ஷூவைக் கழுவாதீர்கள்.

கொசு விரட்டி, சானிடைசர் பட்ட கையால் தவளையைத் தொடவே கூடாது. வனத்துறை அனுமதித்த பாதையில் நின்றபடி, அந்தி சாயும் நேரத்தில் போனில் 2 நிமிடம் சத்தத்தைப் பதிவு செய்தாலே போதும். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது இருப்பிடத்தை மறைத்து வையுங்கள். துல்லியமான இடம் தெரிந்தால் கேமராவோடு கூட்டம் அந்த மூங்கிலைத் தேடி வரும்.

மாடித்தொட்டியில் நிழலும் ஈரமும் இருக்கட்டும், பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். நம் ஊர் மரத்தவளை தானாகவே வந்தாலும் வரும்.