வெறுங்கால் நாயகன்: திரைத்தொழில் கேள்வி பதில்

கேள்வி: மனைவியைப் பணயமாகப் பிடித்துவைத்த கும்பலிடமிருந்து ஒருவன் தனியாளாகப் போய் அவளை மீட்கும் கதையைக் குறும்படமாக எழுதியிருக்கிறேன். படித்தவர்கள், ‘அவன் ஜெயிப்பான் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே’ என்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அவன் ஜெயிப்பான் என்று தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். எதைக் கொடுத்து ஜெயிக்கப்போகிறான் என்பதுதான் தெரியக்கூடாது. இந்த வகைக் கதைக்குப் பாடப்புத்தகம், 1988இல் ஜான் மெக்டீர்னன் இயக்கிய ‘டை ஹார்ட்’. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து இன்னொரு தடவை பாருங்கள்.

காலணியை மட்டும் தொடர்ந்து கவனியுங்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், பயண அலுப்பு தீர ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் கால்விரல்களை மடக்கி மடக்கி நடக்கச் சொல்கிறார். நாயகன் மெக்ளேன், மனைவியின் அலுவலகத்தில் அதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் கும்பல் சுட ஆரம்பிக்கிறது. ஷூ மாட்ட நேரமில்லாமல் ஓடுகிறான். செத்துக்கிடக்கும் எதிரியின் ஷூவைப் பார்த்தால், அது சின்னது. பிறகு ஹான்ஸ் என்ற வில்லன் அவன் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, அடுத்த மோதலில் கண்ணாடித் தடுப்புகளைக் குறிவைத்துச் சுடச் சொல்கிறான். அரட்டையாகத் தொடங்கியது குளியலறையில் காலிலிருந்து சில்லு பிடுங்குவதில் வந்து நிற்கிறது. உங்கள் நாயகனிடம் இப்படி ஒன்றாவது பறிபோக வேண்டும், அதுவும் கதை சூடுபிடிப்பதற்கு முன்பே.

குடும்பப் புகைப்படமும் அப்படித்தான். மனைவி ஹாலி கோபத்தில் அதைக் கவிழ்த்து வைக்கிறாள். அலுவலகத்தில் அவள் தன் பழைய குடும்பப் பெயரோடு இருப்பதால், தன் பிடியில் இருப்பவள் மெக்ளேனின் மனைவி என்று ஹான்ஸுக்கு நெடுநேரம் தெரியாது. தொலைக்காட்சியில் குழந்தைகளைப் பார்த்து அவள் முகம் மாறுகிறது. அதை ஹான்ஸ் பார்த்துவிட்டு அந்தப் புகைப்படத்தை நிமிர்த்துகிறான். துப்பாக்கியே இல்லாத காட்சி, ஆனால் படத்தில் அதிகம் பயமுறுத்துவது அதுதான்.

ஹாலியும் அழுதுகொண்டு காத்திருப்பவள் அல்ல. கர்ப்பிணிக்கு சோபா, எல்லாருக்கும் கழிவறை என்று எதிரியிடமே கேட்டு வாங்குகிறாள். உங்கள் கதையில் மனைவி என்ன செய்கிறாள் என்று ஒரு தாளில் தனியாக எழுதிப் பாருங்கள். ‘கட்டிப்போடப்பட்டிருக்கிறாள்’ என்ற ஒற்றை வரிதான் வந்தால் அங்கே திருத்துங்கள்.

வசனத்துக்கு முன்னால் கதை நடக்கும் இடத்தின் தரைப்படத்தை வரைந்துவிடுங்கள். ‘டை ஹார்ட்’ பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸின் ஃபாக்ஸ் பிளாசாவில் எடுக்கப்பட்டது. அப்போது அங்கே கட்டுமான வேலை முடியாத தளங்கள் இருந்தன. நாயகன் திரும்பத் திரும்பக் கடக்கும் ஓரிடத்தில் சுவரில் ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் அவன் எங்கே இருக்கிறான் என்பது நமக்கும் புரிந்துவிடும். உங்களுக்கு ஒரு நீல டிரம்மோ காலண்டரோ போதும்.

கேள்வி: கண்ணாடி உடையும் காட்சிக்குச் சர்க்கரைக் கண்ணாடி (சர்க்கரைப் பாகில் வார்க்கும் போலிக் கண்ணாடி) செய்தோம். ஒருமுறை மஞ்சளாகிவிட்டது, மறுமுறை பிசுபிசுத்துப் போனது. சரியான அளவு என்ன?
– வாசகி, சென்னை

பதில்: சர்க்கரை 700 கிராம், தண்ணீர் 475 மில்லி, பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் 330 கிராம். அடிக்கு அடி அளவில், 3 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தகடு வரும். சர்க்கரை கரையும் வரைதான் கிளற வேண்டும். கொதி வந்தபின் கரண்டி போட்டால் மறுபடி படிகமாகிக் கலங்கிவிடும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் துகளை ஈர பிரஷ்ஷால் வழித்துவிடுங்கள். தெர்மாமீட்டர் 150 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்குங்கள். 140இல் இறக்கினால் வளையும், 160 தாண்டினால் மஞ்சளாகும். நுரை அடங்கியபின், எண்ணெய் தடவி லேசாகச் சூடாக்கிய தட்டில் ஊற்றுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்தால் தானாகவே விரிசல் விடும்.

பிசுபிசுப்புக்குக் காரணம் சென்னைக் காற்றின் ஈரம். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அன்றன்றே பயன்படுத்துங்கள். சூடான லைட்டுக்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டாம், ‘டேக்’ சொல்லும்போது மாட்டினால் போதும்.

கண்டிப்பாகச் சொல்கிறோம்: சர்க்கரைத் தகட்டின் ஓரமும் கிழிக்கும். நடிகரை அதன்மேல் வெறுங்காலோடு நடக்கவிடாதீர்கள். ‘டை ஹார்ட்’டில் மெக்ளேனாக நடித்த புரூஸ் வில்லிஸே சில காட்சிகளில் கால் வடிவ ரப்பர் உறை அணிந்துதான் ஓடினார். தரையில் தூவுவதற்கு, சில்லுகளாக வெட்டிய ஒளிபுகும் சிலிகான்தான் நல்லது.

கேள்வி: பிளாங்க் தோட்டாவில் குண்டு கிடையாதே, பிறகென்ன ஆபத்து?
– வாசகர், சேலம்

பதில்: குண்டுதான் கிடையாது, மருந்து வெடிப்பதும் தீயும் சூடான வாயுவும் சத்தமும் உண்டு. ‘டை ஹார்ட்’டில் மேசைக்கு அடியிலிருந்து சுடும் காட்சியில், காதருகே வெடித்த சத்தத்தால் வில்லிஸின் இடது காதில் கேட்கும் திறன் பெருமளவு போய்விட்டது. சிறு குழுவுக்கு பிளாங்க் வேண்டவே வேண்டாம். சுட முடியாத டம்மியைக் கொடுங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதை நடிகர் மணிக்கட்டால் காட்டட்டும். எல்இடி விளக்கை முகத்தில் ஒரு கணம் மின்னவிட்டு, துப்பாக்கிக் குழலின் வாயில் தெறிக்கும் தீயை எடிட்டிங்கில் ஒன்றிரண்டு ஃபிரேம் சேருங்கள். டம்மியைத் தெருவில் எடுத்துப் படம் பிடிப்பதானால், முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: ‘டை ஹார்ட்’டில் உச்சியிலிருந்து வில்லன் விழும்போது முகத்தில் அத்தனை பயம் எப்படி வந்தது?
– வாசகர், ஈரோடு

பதில்: பாதி நிஜ பயம்தான். ஹான்ஸாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு அது முதல் திரைப்படம். நீலத்திரைக்கு முன் காற்றுப்பையின்மேல் விழ வேண்டும். சொல்லிவைத்த எண்ணிக்கை முடியுமுன்பே பிடியை விட்டுவிட்டார்கள். மேலிருந்து அதிவேகத்தில் படம் பிடித்ததால் விழுவது மெதுவாகத் தெரிகிறது. லென்ஸிலிருந்து முகம் சட்டென்று விலகும்போது கையால் ஃபோகஸ் பிடிக்க முடியாது என்பதால், அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்த மோட்டாரிடம் விட்டார்கள். அந்த ஃபோகஸ் ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்; நடிகரிடம் சொல்லாமல் விடுவதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். உயரத்திலிருந்து விழும் காட்சியில் எண்ணிக்கை என்பது பாதுகாப்பு விதி.

கேள்வி: ‘டை ஹார்ட்’ நாவலிலிருந்து வந்த கதையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆம். ரோடரிக் தார்ப் 1979இல் எழுதிய நாவல். அதில் நாயகன் வயதானவர், மாட்டிக்கொள்வது அவருடைய மகள்.